இரண்டு பக்கமும் ஒன்றா?



உடற்பயிற்சிச் சிறப்பிதழ் வெளிவந்த பிறகு குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கவலைதான். "வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது." "ஜிம்முக்குப் போயும் ஒரு புஜம் சின்னதாகவே நிற்கிறது." "செருப்பு எப்போதும் ஒரு பக்கமாகவே தேய்கிறது." சிலர் சட்டையைக் கழற்றிப் படமும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். (அழித்துவிட்டோம், பயப்பட வேண்டாம்.)

அந்தக் கட்டுக்குள் ஒரு பாட்டியின் கடிதமும் இருந்தது. பேத்திக்கு ஏழு மாதம். எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்குகிறாள். இடது கை பெரும்பாலும் மூடியே இருக்கிறது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் "இப்பவே சோத்தாங்கைப் பழக்கம் வந்துடுச்சு, கெட்டிக்காரி" என்று கொஞ்சுகிறார்களாம். "எனக்கென்னவோ மனசு ஒப்பலை" என்று முடித்திருந்தார்.

மற்ற கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். இந்தப் பாட்டியிடம் தொலைபேசியில்தான் பேச வேண்டியிருந்தது. தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். ஒரு வயதுக்கு முன் எந்தக் குழந்தைக்கும் கைப்பழக்கம் உறுதிப்படுவதில்லை. இரண்டு கையும் மாறி மாறித்தான் வேலை செய்யும். ஒரு கை மட்டும் முந்துகிறது என்றால் பெரும்பாலும் மற்ற கை பின்தங்குகிறது என்று பொருள். அதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். இருபது வருடமாக இறங்கியே இருக்கும் தோளைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். கவலையை இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

வளர்ந்தவர்கள் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். உடம்பு உள்ளுக்குள்ளேயே சமமில்லை. கல்லீரல் வலது பக்கம். இதயம் இடப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. கால்களின் நீளத்தை அளந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில மில்லிமீட்டராவது வித்தியாசம் வரும். பழைய தையல்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். அளவு எடுக்கும்போதே எந்தத் தோள் இறக்கம் என்று பார்த்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் வாயே திறக்காமல் துணியில் சரிக்கட்டிவிடுவார்கள். நாள் முழுக்க ஒரு கையால் வேலை செய்கிறவரின் உடம்பு அந்த வேலைக்கு ஏற்றபடி வளரும். தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த 1977ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மட்டை பிடிக்கும் கையின் எலும்புச் சுவர் மறுகையைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ 35 சதவீதம் தடித்திருந்தது. அது நோயல்ல, வேலை செய்த தடயம்.

உசேன் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பில் பக்கவாட்டு வளைவு உண்டு. வலது கால் இடது காலைவிட சுமார் அரை அங்குலம் குட்டை. 2017இல் அமெரிக்காவின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் ஓட்டத்தைப் படச்சட்டம் படச்சட்டமாக அளந்தார்கள். வலது கால் தரையை இடது காலைவிட சுமார் 13 சதவீதம் அதிக விசையோடு அறைகிறது; இடது கால் ஒவ்வோர் எட்டிலும் சுமார் 14 சதவீதம் அதிக நேரம் தரையில் நிற்கிறது. ஓட்டப்பந்தயத்துக்கு இரு காலும் ஒரே மாதிரி இயங்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2009 ஆகஸ்டில் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்தவரோ இப்படி ஏறுக்கு மாறாக ஓடுகிறவர். அந்தக் கோணலைச் சரிசெய்திருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பாரா, மெதுவாகிவிட்டிருப்பாரா என்பதற்கு அந்த ஆய்வாளர்களே தீர்ப்புச் சொல்லவில்லை.

நம் சேலத்துப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலு கதை இதைவிடப் பெரிது. பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். டோக்கியோவில் போட்டியின்போது மழை. ஊனமுற்ற காலில் போட்டிருந்த காலுறை நனைந்து தாண்டவே சிரமமாகிவிட்டது என்று பிறகு சொன்னார். எனக்கு அந்தக் காலுறை மறக்கவே இல்லை. உந்தி எழும்புவது என்னவோ நல்ல காலால்தான். ஆனால் ஓடிவரும் ஒவ்வோர் அடியிலும் அந்தக் காலும் தரையைத் தொட்டு, தன் பங்கு கணக்கைச் செய்துகொண்டுதான் வருகிறது. இரு காலும் சமமாவதற்காக அவர் காத்திருக்கவில்லை. இருக்கிற உடம்புக்குள் ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டார்.

ஆகவே, புஜம் சின்னதாக இருக்கும் தம்பிக்கு: வலி இல்லை, மரமரப்பு இல்லை, பலம் குறைந்துகொண்டே போகவில்லை என்றால் கண்ணாடியை விட்டு நகருங்கள். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மட்டும் ஒன்று செய்யுங்கள். இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, கைகளைத் தொங்கவிட்டு, முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகைப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தூக்கிக்கொண்டு தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் கண்டுபிடித்தால் வளைவு கூடாமல் தடுக்க வழி இருக்கிறது. பள்ளிப் பையின் சுமையால் முதுகு வலிக்கலாம், ஆனால் இந்த வளைவு வருவது அதனால் அல்ல. பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

இனி குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தையின் முழங்கையைப் பிடித்து நாம் மடக்கி நீட்டும்போது நம் கைக்கு ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரியும். மருத்துவர்கள் அதை டோன் என்கிறார்கள். "விறைப்பா இருக்கான்", "துவண்டு துவண்டு விழறா" என்று வீட்டில் சொல்கிறோமே, அதே சங்கதி. இது பலம் அல்ல, தசையின் பருமனும் அல்ல. சிக்னலில் நிற்கும் ஆட்டோ நகராவிட்டாலும் அதன் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதுபோல, விழித்திருக்கும் உடம்பு வேலைக்குத் தயாராக நிற்கும் நிலை அது. இன்ஜின் அணைந்திருந்தாலும் கஷ்டம், நின்ற இடத்திலேயே உறுமினாலும் கஷ்டம்.

இந்தத் தயார்நிலையை நிர்வகிப்பது நரம்பு மண்டலம். தசைக்குள் மிக நுண்ணிய உணர்கருவிகள் இருக்கின்றன. தசை இழுபட்டதும் அவை தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. தண்டுவடம் அதே தசைக்குச் "சுருங்கு" என்று உத்தரவு போடுகிறது. டாக்டர் சிறு சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதே, அது இந்த வழியில்தான் நடக்கிறது. 1924இல் லிடெல், ஷெரிங்டன் என்ற இருவர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். ஷெரிங்டனுக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை மேலே உட்கார்ந்து இந்தச் சுருங்கும் உத்தரவை ஓயாமல் மட்டுப்படுத்திக்கொண்டே இருக்கிறது. மூளையில் அடிபட்டால் மட்டுப்படுத்த ஆளில்லை, தசை விறைக்கிறது. விறைப்புள்ள காலை மெதுவாக நீட்டினால் வழிவிடும். வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் போட்டு இழுத்து இழுத்து உருவினால் விறைப்பு போய்விடும் என்று நம்பி, அருமையான மாதங்களை வீணாக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கோளாறு தசையில் இல்லை, அதற்கு வரும் உத்தரவில் இருக்கிறது. உருவுவதால் அது எப்படிச் சரியாகும்?

பிறந்த முதல் நிமிடத்திலேயே இந்த டோன் சோதனை நடந்துவிடுகிறது. நியூயார்க்கில் மயக்க மருத்துவராக இருந்த வர்ஜீனியா ஆப்கர் 1953இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் இதயத் துடிப்பு, மூச்சு, நிறம், தூண்டினால் காட்டும் எதிர்வினை ஆகியவற்றோடு தசை நிலையும் ஒன்று. துவண்டு கிடந்தால் 0, கைகால் ஓரளவு மடங்கியிருந்தால் 1, நன்றாக ஆட்டினால் 2. முதல் நிமிடத்தில் ஒருமுறை, ஐந்தாம் நிமிடத்தில் ஒருமுறை. பிரசவ அறைக்கு வெளியே நாம் சர்க்கரை வாங்க ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இந்தக் கணக்கு நடக்கிறது.

அதற்குப் பிறகு வரும் மாதங்களில் தினமும் இந்தப் பரிசோதனையைச் செய்துவந்த ஒருவர் நம் ஊர்களில் இருந்தார், தாம் செய்வது பரிசோதனை என்று தெரியாமலே. நெல்லைப் பக்கம் பிள்ளைக்குக் குளிப்பாட்டவென்றே ஓர் ஆச்சி வருவார். மணைப் பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொள்வார். புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகியிருப்பார். அண்டாவில் விளாவி வைத்த வெந்நீரைப் புறங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தம் கணுக்கால்களுக்கு மேல் குப்புறப் போடுவார். அந்த நொடியிலேயே பிள்ளை தலையைத் தூக்குகிறதா, தொங்கவிடுகிறதா என்பது அவர் காலுக்குத் தெரிந்துவிடும். முதுகு தேய்த்து, புரட்டி மல்லாத்தி, வலது கையையும் இடது காலையும் வயிற்றுக்கு மேல் கொண்டுவந்து தொடவைப்பார். பிறகு இடது கையும் வலது காலும். பிறகு இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, விரிப்பார். எத்தனையோ பிள்ளைகளைத் தொட்ட கை. எந்தக் கை சுலபமாக வருகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்பதை அது பேச்சுக்கு நடுவிலேயே எடைபோட்டுவிடும். "ஏட்டி, இவன் இந்த இடது காலை மட்டும் விட்டுக் குடுக்க மாட்டேங்கான். ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டீட்டு வா" என்று ஆச்சி சொன்னால் சொன்னதுதான். பிள்ளையின் அம்மா "சரி ஆச்சி" என்று பையை எடுப்பாள்.

(ஆச்சி செய்த எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. மூக்கில் எண்ணெய் விடுவதும், வாய்வைத்து ஊதுவதும், முகத்தில் சாம்பிராணிப் புகை அடிப்பதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.)

இன்று பேறுகாலம் முடிந்து பத்தே நாளில் தனிக்குடித்தனம். பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு குளியல், உடனே டயப்பர், உடனே உடுப்பு. குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் கை குறைந்துவிட்டது. அதனால் கண்ணுக்குக் கூடுதல் வேலை.

எதைப் பார்ப்பது? நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி முகம் அசைத்து ஆடும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்தில் வைத்தார்கள். இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதம். தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம் ஒரு வயதை ஒட்டி. இன்று குழந்தை மருத்துவர் தேடுவதும் இவற்றைத்தான்: கழுத்து நின்றதா, கையூன்றி எழும்புகிறதா, இரண்டு கையும் நடுவில் வந்து சேர்கிறதா. இறைவனைக் குழந்தையாக்கிப் பாடியவர்கள் நிஜக் குழந்தையை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்க வேண்டும்!

மாதக் கணக்கை மட்டும் கறாராகப் பிடித்துக்கொண்டு அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அழ வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட அளவுகோலில், பிடிப்பில்லாமல் உட்காரும் வயது 3.8 மாதத்தில் தொடங்கி 9.2 மாதம்வரை நீள்கிறது. தனியாக நடக்கும் வயது 8.2 முதல் 17.6 மாதம்வரை. 4.3 சதவீதக் குழந்தைகள் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். நாள் முந்திப் பிந்தி வருவதைவிட எப்படி வருகிறது என்பதே முக்கியம். நான்கு ஐந்து மாதத்துக்கு மேலும், இரு கையைப் பிடித்துத் தூக்கினால் தலை பின்னாலேயே தொங்குகிறதா? கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கிறதா? துணி மாற்றும்போது இரண்டு தொடையும் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்கின்றனவா? தவழும்போது ஒரு கால் மட்டும் இழுபடுகிறதா? எப்போதும் ஒரே பக்கம்தான் தலையைத் திருப்புகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் "போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஆஸ்திரியரான ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் இதில் ஒரு படி மேலே போனார். குழந்தையைத் தொடாமல், அது மல்லாக்கப் படுத்துக் கைகால் ஆட்டுவதை மட்டும் சில நிமிடம் பார்த்தார். மூன்று முதல் ஐந்து மாத வயதில் ஆரோக்கியமான குழந்தையின் கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் சின்னச் சின்ன அசைவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மற்றொன்றைப்போல் இருக்காது. எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. இந்தத் துறுதுறுப்பு இல்லாமல், ஒரே மாதிரி விறைத்து நீட்டி மடக்கும் குழந்தைக்குப் பிற்காலத்தில் மூளை முடக்குவாதம் தெரியவரும் வாய்ப்பு மிக அதிகம். ஒன்றரை இரண்டு வயதுவரை காத்திருந்து பெயர் சூட்டிவந்த ஒரு குறைபாட்டை, பயிற்சி பெற்ற கண் சில நிமிட வீடியோவில் முன்கூட்டியே அடையாளம் காண்கிறது.

இங்கே ஒரு சுவாரசியம். 1920களில் மாஸ்கோவில் நிகலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், சம்மட்டியால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் கையில் சிறு விளக்குகளைக் கட்டிப் படம் பிடித்தார். கைதேர்ந்தவர் ஒவ்வோர் அடியையும் அச்சில் வார்த்ததுபோல் அடிப்பார் என்றுதான் யாரும் நினைப்போம். படத்தில் தெரிந்தது வேறு. சம்மட்டி விழும் இடம் ஏறத்தாழ மாறவில்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வழியாக வந்து சேர்ந்தன. ஒரு மூட்டு கொஞ்சம் பிசகினால் இன்னொன்று ஈடுகட்டியது. தொட்டில் குழந்தைக்கும் கொல்லுப்பட்டறைக்காரருக்கும் நல்ல அசைவின் அடையாளம் ஒன்றேதான்: கைவசம் பல வழி வைத்திருப்பது. பரதநாட்டிய வகுப்பில் அடவு ஒவ்வொன்றையும் வலப்பக்கம் ஆடி, இடப்பக்கம் ஆடி, மூன்று காலத்திலும் ஆடச் சொல்கிறார்கள். அப்படி ஆடியும் ஒரு பக்கம் சற்றுக் கனமாகத்தான் வரும் என்பதை எந்த நட்டுவனாரும் ஒத்துக்கொள்வார். ஆனாலும் இரு பக்கமும் திறந்து வைத்திருப்பதில் பலன் உண்டு.

நடக்கப் பழகும் குழந்தைக்கும் இதே கணக்குத்தான். மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டியை நினைத்துப் பாருங்கள். குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தானே சுமந்து, வண்டி ஓடினால் எட்டிவைத்து, நின்றால் தடுமாறிச் சமாளிக்கும். கடையில் விற்கும் வட்ட வாக்கரில் குழந்தை துணி இருக்கையில் தொங்கிக்கொண்டு, கால் நுனியால் தரையை உந்துகிறது. விழாது, ஆகவே சமநிலையும் பழகாது. படியில் உருண்ட விபத்துகளைப் பார்த்துக் கனடா 2004இல் இந்த வாக்கர்களின் விற்பனையையே தடை செய்துவிட்டது. இங்கோ முதல் பிறந்தநாளுக்குப் பரிசாக வருகிறது. பரிசு கொடுத்த மாமாவிடம் சண்டை வேண்டாம். வாக்கரைப் பரணில் போட்டுவிட்டுக் குழந்தையைத் தரையில் விடுங்கள்.

குறை இருப்பது தெரிந்தால் எங்கே போவது? பிறப்பு முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காக 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேட்டால் காட்டுவார்கள். கட்டணம் இல்லை. ஸ்டெம்செல் ஊசி போட்டால் மூளை முடக்குவாதம் குணமாகும் என்று லட்சங்களைக் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு வெளியே அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

கடிதம் எழுதிய பாட்டியின் பேத்தி இப்போது அப்படியொரு மையத்துக்குப் போய்வருகிறாள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாட்டி விவரித்தார். நன்றாக இயங்கும் வலது கையில் ஒரு சின்னக் காலுறையை மாட்டிவிடுகிறார்கள். எட்டும் தூரத்தில், இடப்பக்கம் ஒரு கிலுகிலுப்பை. முதலில் அழுகை. பிறகு உறை போட்ட கையாலேயே இடித்துப் பார்க்கிறாள், பிடிபடவில்லை. சற்று நேரம் சும்மா கிடக்கிறாள். அப்புறம் அந்த இடது கை, மூடிய முஷ்டியோடு, தயங்கித் தயங்கி நகர்ந்து வருகிறது. கிலுகிலுப்பையை ஒரு தட்டு தட்டுகிறது. சத்தம் கேட்டதும் முஷ்டி கொஞ்சம் திறக்கிறது. அவ்வளவுதான் அன்றைய பாடம். நல்ல கைக்கு ஓய்வு கொடுத்து மெலிந்த கையை வேலைக்கு இழுக்கும் இந்த முறைக்கு ஆராய்ச்சி ஆதாரம் வலுவாக இருக்கிறது. வேறொருவர் கைகாலைப் பிடித்து அசைத்துவிடுவதைவிட, குழந்தை தானே ஒன்றை விரும்பி எட்டுவதில்தான் மூளை கற்கிறது. விறைப்பைத் தளர்த்த ஊசி உண்டு, மருந்து உண்டு. ஆனால் தளர்ந்த கைக்கு எட்டிப் பிடிக்கத் தானாக வந்துவிடாது, பழக வேண்டும். (வீட்டில் நீங்களாகவே காலுறை மாட்டிவிடாதீர்கள். எவ்வளவு நேரம், எந்த விளையாட்டு என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும்.)

வாழ்க்கையின் மறுமுனையிலும் ஒருபக்கச் சாய்வு பேச ஆரம்பிக்கிறது. திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் 108க்கு அழைப்பதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரமே அவகாசம். இது பலருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது மெல்ல வரும் சாய்வு. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிவைத்த நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். நடுக்கம் வருவதற்கு முன்பே, நடக்கும்போது ஒரு கை வீசுவது குறைந்துவிடும். அப்பா சட்டைப் பொத்தான் போட நேரம் எடுத்துக்கொள்வார். கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். தோள் இறுகிவிட்டது என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். கைகால் அசைவில் இருந்த பல வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் மருத்துவரல்ல, பின்னால் நடந்துவரும் அம்மாதான். "இவர் கையை ஏன் இப்படி ஒட்டவெச்சுக்கிட்டு நடக்கறார்?" என்று அம்மா கேட்டால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

தரையில் உட்கார்ந்து எழுவதையும் கவனியுங்கள். பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவும் சகாக்களும் 51 முதல் 80 வயதுவரையான 2,002 பேரை வெறுந்தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். உட்கார ஐந்து, எழ ஐந்து, மொத்தம் 10 மதிப்பெண். கை, முழங்கால் என்று எதை ஊன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும், தள்ளாடினால் அரை. 2012இல் வெளியான அந்த ஆய்வில், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு கணிசமாக அதிகம் இருந்தது. கையூன்றியதால் யாரும் சாகவில்லை. பலம், சமநிலை, மூட்டின் நெகிழ்வு எல்லாம் சேர்ந்து அந்த ஓர் அசைவில் தெரிந்துவிடுகின்றன, அவ்வளவுதான். பந்தியில் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்ட நாம் இப்போது மேஜைக்கு மாறிவிட்டோம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தரையில் உட்கார நேர்ந்தால் பிடித்துக்கொள்ளத் தூண் தேடுகிறார். முழங்கால் தேய்ந்தவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும்; மற்றவர்கள் தினமும் ஒரு வேளையாவது தரையில் சாப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கையில் இருக்கும் செல்போனை இதற்குப் பயன்படுத்துங்கள். மருத்துவரின் அறையில் குழந்தை பயந்து விறைக்கும்; அப்பா ராணுவ வீரர்போல் நிமிர்ந்து நடப்பார். வீட்டில் எடுத்த வீடியோவே உண்மையைச் சொல்லும். குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போட்டு, டயப்பர் மட்டும் இருக்க, பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில், கையில் பொம்மை கொடுக்காமல், பேசாமல், தலைமுதல் கால்வரை தெரியும்படி ஐந்து நிமிடம் எடுங்கள். பெரியவர்கள் என்றால் எதிரே வரும்போது ஒருமுறை, திரும்பிப் போகும்போது ஒருமுறை. வேட்டியை மடித்துக் கட்டினால் முழங்கால் தெரியும், புடவை என்றால் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளலாம். படம் எடுப்பதை முன்கூட்டியே சொல்லாதீர்கள், சொன்னால் நடை மாறிவிடும்; எடுத்த பிறகு காட்டி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்டு வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் காட்டுங்கள். எங்களுக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்